முதிய விண்மீன் திரள்களின் எக்ஸ் கதிர்களும் சந்திரசேகர் வரம்பும்

புதிய விண்மீன்களின் பிறப்பு நெடுங்காலத்துக்கு முன்பே ஏறத்தாழ நின்றுபோன நீள்வட்ட விண்மீன் திரள்களிலும், ஆந்திரோமெடா போன்ற சுருள் திரள்களின் நடுப்புடைப்பிலும், பெருநிறை விண்மீன்கள் எல்லாம் எரிந்து தீர்ந்துவிட, சூரியனையோ அதனினும் சிறியவற்றையோ ஒத்த முதிய விண்மீன்களும் மடிந்த விண்மீன்களின் எச்சங்களுமே இன்று எஞ்சியுள்ளன. பல லட்சம் பாகை வெப்பத்தில் தோன்றும் எக்ஸ் கதிர்கள் இத்தகைய முதிய கூட்டத்திலிருந்து எவ்வாறு வருகின்றன என்பதற்கான விடை பெரும்பாலும் அவ்வெச்சங்களில்தான் அடங்கியிருக்கிறது.

அவ்வெச்சங்களுள் ஒன்று வெண்குறுமீன். அது எரிபொருள் தீர்ந்த விண்மீனின் உட்கரு பூமியளவுக்குச் சுருங்கி, நெருக்கப்பட்ட எலெக்ட்ரான்களின் குவாண்டம் அழுத்தத்தால் மட்டுமே தாங்கப்பட்டு நிற்பது. இதன் நிறைக்கு ஒரு மேல்வரம்பு உண்டு என்று கணித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1922 முதல் 1925 வரை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் 1930 வரை அதன் அருகிலேயே கடற்கரைச் சாலையிலுள்ள மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர். 1928இல் சென்னைக்கு வந்த இயற்பியலாளர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு, உலோகங்களிலுள்ள எலெக்ட்ரான்களுக்குப் புதிய குவாண்டம் புள்ளியியலைப் பொருத்தித் தாம் எழுதியிருந்த கட்டுரையின் அச்சுப்படிகளை அந்த மாணவரிடம் கொடுத்தார். அதே புள்ளியியலைச் சார்பியலோடு இணைத்து, 1930இல் இங்கிலாந்துக்குச் சென்ற கப்பற்பயணத்தில் தொடங்கிய கணக்கீடு, சூரிய நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என இன்று ஏற்கப்படும் வரம்புக்கு இட்டுச்சென்றது. 1935 ஜனவரியில் வானியலாளர் எடிங்டன் அதை வெளிப்படையாக எள்ளியது மிகுதியாகப் பேசப்பட்டுவிட்டது. அந்த எண்ணின் பின்விளைவுகள் வானில் எவ்வாறு தேடப்பட்டன என்பதே குறைவாகப் பேசப்படுவது.

வளிமண்டலம் எக்ஸ் கதிர்களைத் தடுத்துவிடுவதால் அத்தேடல் ஏவுகலங்களுக்காகக் காத்திருந்தது. 1962 ஜூனில் ரிக்கார்டோ ஜியாக்கோனி குழுவினரின் ஏவுகலம் சூரியக் குடும்பத்துக்கு அப்பாலுள்ள முதல் எக்ஸ் கதிர் மூலத்தை விருச்சிக ராசியில் கண்டது. 1970இல் ஏவப்பட்ட உகுரு செயற்கைக்கோளின் பதிவுகளுக்குப் பின், இத்தகைய மூலங்கள் பல இரட்டை விண்மீன்கள் என்பது உறுதியாயிற்று. அவற்றுள் சிறுநிறைத் துணையிலிருந்து வாயுவை ஒரு நியூட்ரான் விண்மீனோ கருந்துளையோ உறிஞ்ச, விழும் வாயு வெப்பமுற்று எக்ஸ் கதிரை உமிழும் வகை முதிய கூட்டத்துக்கே உரியது. நமது திரளின் விண்மீன்களில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் எட்டாத உருண்டைக் கொத்துகளில் இவ்வகை இரட்டைகள் ஏறத்தாழப் பத்தில் ஒன்று இருப்பது 1975 வாக்கில் கவனத்துக்கு வந்தது. அக்கொத்துகளின் நெரிசலில் தனித்த எச்சங்கள் துணைகளைப் பற்றிக்கொள்வதே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது.

பிற திரள்களில் நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. 1978இல் ஏவப்பட்ட ஐன்ஸ்டீன் தொலைநோக்கிக்கு நீள்வட்டத் திரள்கள் மங்கிய படலங்களாகவே தெரிந்ததால், அந்த ஒளி வெப்ப வாயுவினுடையதா, பிரித்தறிய முடியாத இரட்டைகளின் கூட்டொளியா என்ற கருத்து வேறுபாடு 1985 முதல் நீடித்தது. 1999 ஜூலை 23 அன்று ஏவப்பட்டு, அரை வில்நொடி வரை பிரித்தறியும் சந்திரா தொலைநோக்கி இதில் திருப்பத்தை உண்டாக்கியது. கன்னி ராசித் திசையிலுள்ள என்ஜிசி 4697 என்னும் எக்ஸ் கதிரில் மங்கலான திரளின் ஒளியில் பெரும்பகுதியைக் கிரெய்க் சராசின் குழுவினர் 2000இல் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டினர். பெருந்திரள்களில் வெப்ப வாயு மேலோங்குவது உண்மையே ஆயினும், மங்கலானவற்றில் இரட்டைகளே முதன்மையானவை என்ற தரப்பு இதனால் வலுப்பெற்றது. இவற்றின் எண்ணிக்கை திரளின் மொத்த விண்மீன் நிறையோடு ஒத்து உயர்கிறது என்று மராட் கில்ஃபனோவ் 2004இல் நிறுவினார். ஆந்திரோமெடாவின் துணைத் திரளான எம்32இல் பிரிபடாமல் எஞ்சிய ஒளியும், வெண்குறுமீன் இரட்டைகளும் கிளர்ச்சி மிக்க சாதாரண இரட்டைகளும் சேர்ந்து, சூரியனின் சுற்றுப்புறத்தில் ஓரலகு நிறைக்குத் தரும் ஒளியோடு பொருந்துவதை மிகைல் ரெவ்னிவ்ட்செவ் குழுவினர் 2007இல் கண்டனர்.

இவற்றைவிட ஆழமான விளைவு, எதிர்பார்த்த ஒளி இல்லாமையிலிருந்து பிறந்தது. அண்டத்தின் தொலைவுகளை அளக்கப் பயன்படும் முதலாம் அ வகைச் சூப்பர்நோவா, சந்திரசேகர் வரம்பை நெருங்கும் வெண்குறுமீனின் வெடிப்பு எனப் பொதுவாகக் கொள்ளப்பட்டது. துணையிடமிருந்து சிறுகச் சிறுக வாயுவைப் பெற்று அது வளர்ந்திருந்தால், அதன் மேற்பரப்பில் எரியும் ஹைட்ரஜன் பல லட்சம் ஆண்டுகள் மென் எக்ஸ் கதிரை உமிழ்ந்திருக்க வேண்டும். அருகிலுள்ள முதிய திரள்களில் காணப்படும் ஒளி, இக்கணிப்பைவிட 30 முதல் 50 மடங்கு குறைவு என்று கில்ஃபனோவும் அகோஸ் போக்டானும் 2010இல் வெளியிட்டனர். எனவே இவ்வழி வளர்ந்து வெடிப்பவை அத்திரள்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் இரா என்றும், இரு வெண்குறுமீன்கள் இணைவதே பெருவழி என்றும் வாதிட்டனர். உமிழப்படும் மென்கதிரை வெண்குறுமீனைச் சூழ்ந்த வாயுவே விழுங்கியிருக்கலாம் என்பதும், இணையவிருக்கும் இரட்டைகளும் அதற்கு முந்தைய கட்டமொன்றில் எக்ஸ் கதிரில் ஒளிர வேண்டியவையே என்பதும் இதற்கு எதிராக எழுந்த வலுவான மறுப்புகள். மேலும், இளம் விண்மீன்களும் அடர்ந்த வாயுவும் நிறைந்த சுருள் திரள்களின் வட்டுகளுக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கு வாயு உறிஞ்சி வளரும் வழியின் பங்கு கூடுதலாக இருக்க இடமுண்டு என்பதை அவ்வாய்வாளர்களும் ஏற்றுக்கொண்டனர்.