பெயர் காணப்படாத ஆசாரியர்கள்

எங்கள் வீட்டில் இரவு ஜெபத்தில் வேதம் வாசிப்பது பிள்ளைகளின் முறை. மத்தேயு முதல் அதிகாரம் யாருடைய நாளில் வருகிறதோ, அவர் பாடு திண்டாட்டம்தான். பெயர்களில் நாக்கு குழறும், தம்பி சிரிப்பான். "இந்தப் பட்டியல் எதற்கப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். "பட்டியலில் பேர் இல்லாதவனைக் கேள், சொல்லுவான்" என்றார் அப்பா. அது புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. எஸ்றா இரண்டாம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தபோதுதான் புரிந்தது.

பழைய இஸ்ரவேலில் வம்ச அட்டவணை என்பது வெறும் குடும்பப் பெருமை அல்ல. நிலம் கோத்திரப்படி பங்கிடப்பட்டது. யூபிலி வருஷத்தில் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். ஆசாரிய ஊழியம் ஆரோனின் சந்ததிக்கு மட்டுமே உரியது. ஆகவே நம் காலத்துப் பட்டாவும் வாரிசுச் சான்றிதழும் செய்கிற வேலையை அன்று வம்சாவளி செய்தது. செலோப்பியாத்துக்கு மகன்கள் இல்லை. அவனுடைய ஐந்து மகள்கள் மோசேயிடம் போய், எங்கள் தகப்பன் பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும் என்று வாதாடி, நிலத்தில் பங்கு பெற்றதை எண்ணாகமம் 27இல் காணலாம்.

கி.மு. 586இல் நேபுகாத்நேச்சாரின் சேனை எருசலேமை அழித்தது. ஆலயம் எரிந்தது, ஜனங்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கி.மு. 538இல் பாரசீக ராஜா கோரேசு திரும்பிப் போக அனுமதி கொடுத்தான். திரும்பியவர்களின் மொத்தத் தொகை 42,360 என்று எஸ்றா எழுதுகிறார். அவர்களில் நான்கு ஆசாரியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் மட்டும் 4,289 பேர்.

ஆனால் வேறு மூன்று ஆசாரியக் குடும்பங்கள் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் கிடைக்கவில்லை. அவற்றில் ஒன்று பர்சிலாயின் வீட்டார். அப்சலோமுக்குத் தப்பி ஓடிய தாவீதுக்கு உணவு கொடுத்து ஆதரித்த கிலேயாத்தியனான பர்சிலாய் பெரிய மனிதன். இவர்களுடைய முற்பிதா அவனுடைய மகளைக் கட்டி, மாமனாரின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டான். அட்டவணை கிடைக்காததற்கு அதுதான் காரணம் என்று வேதம் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அந்த எண்ணம் வராமல் இல்லை.

அவர்களை யாரும் ஊரைவிட்டுத் துரத்தவில்லை. ஊரீம் தும்மீமுடன் ஓர் ஆசாரியன் எழும்பும்வரை மகா பரிசுத்தமானதைப் புசிக்கக்கூடாது, அவ்வளவுதான். அதாவது, தீர்ப்பு தள்ளிவைக்கப்பட்டது. மாதக்கணக்கில் நடந்து, இடிந்த ஊருக்கு வந்தும் பலிபீடத்தண்டை போக முடியாத வேதனை எப்படிப்பட்டது!

அந்த மூன்றில் இன்னொன்று கோசின் வீட்டார். பிற்காலத்தில் நெகேமியா அலங்கம் கட்டியபோது, கோசின் வம்சத்தானான உரியாவின் மகன் மெரெமோத் ஒரு பங்கைக் கட்டுகிறான். எஸ்றா 8இல் ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் நிறுத்து வாங்குகிறவனும் உரியாவின் மகன் மெரெமோத் என்னும் ஆசாரியனே. இருவரும் ஒருவரே என்றால், அந்தக் குடும்பம் மறுபடியும் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கலாம்.

இந்தப் பின்னணியோடு மத்தேயுவை வாசித்தால் பட்டியல் பேசத் தொடங்கும். மேசியா தாவீதின் குமாரன் என்பதற்கு அதுவே அத்தாட்சி. அதே சமயம் தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி என்ற பெண்களையும் மத்தேயு மறைக்கவில்லை. ராகாப் கானானியப் பெண். ரூத் மோவாபியப் பெண். லூக்காவோ பட்டியலை ஆதாம்வரை கொண்டுபோய், எல்லா மனிதரையும் ஒரே வீட்டாராக்குகிறார்.

முடிவில்லாத வம்சவரலாறுகளைக் கவனியாதிருக்கும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதும் உண்மை. வம்சத்தை வைத்து வீண் தர்க்கம் செய்வது வேறு. தேவன் தலைமுறை தலைமுறையாக வாக்கைக் காப்பாற்றினார் என்று அறிவது வேறு.

இப்போது எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் வாசிக்கிறார்கள். அந்த அதிகாரம் வரும்போது நான் அவசரப்படுத்துவதில்லை. ஒவ்வொரு பெயராக வாசிக்கட்டும்.