லேஸ் பின்னி மீட்ட வாழ்வு



மலருக்கு எழுதச் சொன்னதும், நம்மைப் போல உழைத்த சில பெண்களின் வரலாறுதான் ஞாபகம் வந்தது.

200 வருஷத்துக்கு முன்னால் நாகர்கோவில், திருவிதாங்கூர் ராஜா சீமையில் இருந்தது. அங்கே ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் பலரை அடிமைகளாக விற்றார்கள், வாங்கினார்கள். 1819-ல் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மா கணவரோடு அங்கே வந்தார். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி, படிப்போடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். பின்னியவர்களுக்குக் கூலி கிடைத்தது. அவர்களில் அடிமைப் பெண்களும் உண்டு. சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துவைத்து, எஜமானுக்கு விலை கொடுத்துத் தங்களையே மீட்டுக்கொண்டார்கள். அந்தச் சீமையில் அடிமைமுறையை ஒழித்த உத்தரவு 1855-ல்தான் வந்தது.

மார்த்தாவின் மகள் எலைசா, 1844-ல் கால்டுவெல் ஐயரைக் கல்யாணம் முடித்து இடையன்குடிக்குப் போனார். அங்கேயும் லேஸ் வேலையைக் கற்றுக்கொடுத்தார்.

பைபிளில் மீகா தீர்க்கதரிசி நியாயம், இரக்கம் இரண்டையும் சேர்த்தே கேட்கிறார். பசித்தவளுக்குச் சோறு போடுவது இரக்கம். அவள் உழைத்த கூலி அவள் கைக்கே வருவது நியாயம். இரக்கம் மட்டும் போதுமென்று விட்டால், நாளைக்கும் அவள் கையேந்தித்தான் நிற்கணும்.

நம்ம பக்கம் பட்டாசு ஆபீசிலும் தீப்பெட்டி ஆபீசிலும் முன்பணம் வாங்கிட்டு, அது கழியுற வரைக்கும் வேற வேலைக்குப் போக முடியாம நிக்கிற பெண்கள் உண்டு. அப்படி ஒருத்தி உள்கடன் கேட்டு வந்தா, "இவ திருப்பிக் கட்டுவாளா"ன்னு யோசிக்கிறோம். அந்த நேரம் லேஸ் பின்னின பெண்களை நினைச்சுக்கிடுவோம். அவங்களுக்குக் கடன் கொடுக்க ஒரு குழு இல்லை. நமக்கு இருக்கு.