கால்பந்துக் கழகமும் வீட்டாரும்

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் குடும்பங்களில், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருநாள் பள்ளியிலிருந்து திரும்பிவந்து, "என்னைக் கால்பந்துக் கழகத்தில் சேர்த்துவிடுங்கள், அப்பா" என்று கேட்பது இந்நாளில் அரிய நிகழ்ச்சியன்று. டில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மைதானத்தின் ஓரமாகச் சற்று நின்று பார்த்தால், பிள்ளையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் தந்தையரையும், தண்ணீர்ப் புட்டியுடன் காத்திருக்கும் தாய்மாரையும் காணலாம். மகனாயினும் மகளாயினும், கழகத்தில் சேர்ப்பதற்கு முன் வீட்டில் மூன்று கேள்விகள் எழுகின்றன. படிப்பு என்னவாகும்? செலவை யார் தாங்குவது? ஆட்டத்தில் தேறாமற் போனால் பிள்ளையின் எதிர்காலம் யாது?

இவை புதிய கேள்விகளல்ல. சென்ற நூற்று நாற்பது ஆண்டுகளாகக் கழகங்கள் இவற்றிற்கு ஏதேனும் ஒரு விடை கூறியே வந்திருக்கின்றன. ஆனால் விடை காலந்தோறும் மாறியிருக்கிறது. அம்மாற்றத்தின் வரலாற்றையே இங்கு ஆராயக் கருதுகிறோம்.

வரலாறு கல்கத்தாவில் தொடங்குகிறது. 1877ஆம் ஆண்டில், ஹேர் பள்ளியில் பயின்றுவந்த நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்னும் சிறுவன், மைதானத்தில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் பந்து விளையாடுவதைக் கண்டான் என்றும், எல்லைக்கு வெளியே உருண்டுவந்த பந்தைத் தன் காலால் உதைத்துத் திருப்பி அனுப்பினான் என்றும் கூறுவர். பின்னர் அவனும் அவன் தோழர்களும் காசு சேர்த்துக் கடையில் ஒரு பந்து வாங்கினர். அது கால்பந்தன்று, ரக்பி ஆட்டத்திற்குரிய நீளுருண்டைப் பந்து. பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் என்பவர் அதைக் கண்டு, சரியான பந்தைத் தந்து ஆடும் முறையையும் கற்பித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பிள்ளைகளே கூடி அமைத்த கழகம். ஆகவே பெற்றோரிடம் கேட்பாருமில்லை, கட்டணமுமில்லை.

ஆயினும் கழகம் என்று ஒன்று ஏற்பட்டவுடனே, அதில் யாரைச் சேர்ப்பது என்னும் வழக்கும் உடன் பிறந்தது. நாகேந்திர பிரசாத் வளர்ந்து நடத்திய வெலிங்டன் கழகத்தில், குயவர் குலத்துப் பிள்ளையாகிய மணி தாஸ் என்பவரைச் சேர்க்கக்கூடாதென்று உயர்குடி உறுப்பினர் சிலர் தடுத்தனர். அவர் வாதாடிக் காலம் கழிக்கவில்லை, கழகத்தையே கலைத்துவிட்டார். பிறகு அமைந்த சோபாபஜார் கழகத்தில் அத்தடை இல்லை. 1892ஆம் ஆண்டில் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் கிழக்கு சர்ரே படைப்பிரிவை வென்றது இந்தச் சோபாபஜார் கழகமே. இந்திய அணியொன்று ஆங்கிலேயப் படை அணியை ஒரு பெரும் போட்டியில் வீழ்த்தியது அதுவே முதன்முறை என்பர். 1911ஆம் ஆண்டு வெற்றியைப் பாடும் நம்மவருள் பலர் இதனை மறந்துவிடுகின்றனர்.

மோகன் பகான் கழகம் 1889ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தோன்றியது. பின்னாளில் காங்கிரசு மகாசபைக்குத் தலைமை தாங்கிய வழக்கறிஞர் பூபேந்திரநாத் பாசு அதன் முதல் தலைவர். வட கல்கத்தாவின் செல்வர்களும் கற்றோரும் தம் பிள்ளைகளுக்காக அமைத்த இக்கழகம், ஆட்டத்திறமையோடு ஒழுக்கத்தையும் வற்புறுத்தியது. இதன் காரணம் எளிது. பந்தாட்டம் பையனைக் கெடுத்துவிடும் என்று அஞ்சிய வீட்டாருக்குக் கழகம் ஓர் உறுதி அளிக்க வேண்டியிருந்தது. அன்று வீட்டாரின் அச்சம் பணத்தைப் பற்றியதன்று, பெயரைப் பற்றியது.

1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவை இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. பத்துப்பேர் வெறுங்காலுடன் ஆடினர்; கல்லூரி ஆசிரியரான சுதீர் சாட்டர்ஜி ஒருவரே பூட்ஸ் அணிந்திருந்தார். இவ்வெற்றியின் அரசியற் பொருளைப் பலரும் எழுதிவிட்டனர். நாம் நோக்க வேண்டியது வேறொன்று: அப்பதினொருவரில் எவருக்கும் ஆட்டம் பிழைப்பன்று. பணியோ படிப்போ வேறு இருந்தது. கழகம் அவர்களுக்குச் சோறிடவில்லை. ஆகவே கழகம் கைவிட்டாலும் அவர்கள் பட்டினி கிடக்கமாட்டார்கள்.

அக்காலத்தில் இளைஞரைத் தேடிப்பிடித்து ஆட்டம் கற்பிப்பதையே வாழ்வாகக் கொண்டவர் ஒருவர் உண்டு. ஆரியன் கழகத்தின் துக்கிராம் மஜும்தார் என்று அவரைக் கல்கத்தா அறியும். பயிற்சியாளர் என்னும் சொல்லே வழக்கில் இல்லாத நாளில் அவர் பயிற்சியாளராக விளங்கினார்.

நாளடைவில் ஆட்டத்தின் பெருமை வளர்ந்தது. பணம் கொடுத்து ஆட்டக்காரரை அமர்த்துவது விதிக்குப் புறம்பு. எனினும் திறமையுள்ள ஏழைப் பிள்ளை எவ்வாறு ஆடுவான்? இதற்குக் கண்ட வழியே உத்தியோகம். இரயில்வே, சுங்கம், துறைமுகம், போலீசு, படை, வங்கி ஆகியவை தத்தம் அணிகளுக்கென்று ஆட்டக்காரர்க்கு வேலை அளித்தன. 1955ஆம் ஆண்டில் கிழக்கு இரயில்வேயில் சேர்ந்த பி.கே. பானர்ஜி, பெரிய கழகங்கள் பலவும் விரும்பி அழைத்தும் இரயில்வே அணியிலேயே நிலைத்திருந்தார். 1958ஆம் ஆண்டில் அந்த அணி கல்கத்தா லீக் பட்டத்தை வென்று, மூன்று பெருங்கழகங்களின் ஏகபோகத்தை உடைத்தது. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, பிரான்சுக்கு எதிராகக் கோல் அடித்தவரும் அவரே. பெரிய கழகத்தின் புகழைக் காட்டிலும் இரயில்வேயின் மாதச் சம்பளம் குடும்பத்திற்கு உறுதியானது என்பதை, வெளியூரில் வேலைபார்க்கும் நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

தென்னாட்டவரும் இவ்வழியே சென்றனர். 1935ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ், வெலிங்டனிலுள்ள மதராஸ் படைப்பிரிவு நிலையத்தின் அணியில் கோல் காப்பவராக விளங்கினார். அவ்வணி 1955, 1958ஆம் ஆண்டுகளில் டூரண்டு கோப்பையை வென்றது. பின்னரே அவர் கல்கத்தாவின் பெருங்கழகங்களுக்குச் சென்றார். பெங்களூரிலிருந்து சென்ற ஆட்டக்காரர் பலர். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோல் சாரங்கபாணி ராமனுடையது. இவர்களெல்லாம் ஊர்விட்டு ஊர் சென்று, கழகத்தார் அமைத்த மெஸ்ஸில் வேற்று மொழியினரோடு உண்டு உறங்கி வாழ்ந்தவர்கள். நம் குடியேற்ற வரலாற்றை எழுதுவோர் குமாஸ்தாக்களையும் கட்டடத் தொழிலாளரையும் குறிப்பிடுவதுபோல் இவர்களையும் ஓரிரு வரியிலேனும் குறிப்பிட்டால் நன்று.

ஐதராபாத்தில் சையது அப்துல் ரகீம் செய்த பணி தனியாக எண்ணத்தக்கது. அவர் பள்ளி ஆசிரியர். 1950ஆம் ஆண்டு முதல் 1963இல் மறையும் வரை ஐதராபாத் நகரப் போலீசு அணிக்குப் பயிற்சி அளித்தார். அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951, 1962ஆம் ஆண்டுகளில் ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றதும் அவர் பயிற்சியிலேயே. பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரியை ஏய்த்துச் செல்வதைத் தடைசெய்த போட்டிகளையும், வலக்காற் பழக்கமுள்ளவர் இடக்காலாலேயே உதைக்கவேண்டும் என்னும் போட்டிகளையும் இளைஞருக்கென அவர் நடத்தினார். கோப்பையை வெல்வதற்காக நடத்தப்பட்ட போட்டிகளல்ல இவை. பையனுக்கு இல்லாததை உண்டாக்குவதற்காக நடத்தப்பட்டவை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தோற்றதற்காக ஓரத்தில் நின்று கூச்சலிடும் இன்றைய பயிற்சியாளர் சிலரைக் காணும்போதெல்லாம், அந்த ஆசிரியரின் நினைவே நமக்கு வருகிறது.

1960ஆம் ஆண்டில் டில்லியில் சுப்ரதோ கோப்பைப் போட்டி தொடங்கியது. இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தளபதியான சுப்ரதோ முகர்ஜியின் எண்ணத்தில் உதித்த போட்டி அது. பள்ளிகளே அணிகளை அனுப்பியமையால் பெற்றோர்க்கு மனத்தடை ஏதுமில்லை. ஆனால் பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் பிள்ளை எங்கே செல்வான் என்னும் கேள்விக்குப் பள்ளியால் விடை கூற முடியவில்லை.

அந்த இடைவெளியை நிரப்ப முனைந்தது, 1987ஆம் ஆண்டில் ஜம்ஷெட்பூரில் தோன்றிய டாடா கால்பந்துப் பயிற்சிக்கூடம். தேர்ந்தெடுக்கப்பட்ட சிறுவர்கள் அங்கேயே தங்கினர். உணவு, உறைவிடம், கல்வி, பயிற்சி ஆகிய அனைத்தையும் நிறுவனமே ஏற்றது. கார்ல்டன் சாப்மன், ரெனெடி சிங், மகேஷ் காவ்லி, சுப்ரதா பால் முதலியோர் அங்கு உருவாயினர். இங்கேதான் கழகத்திற்கும் வீட்டாருக்கும் உள்ள உறவு தலைகீழாக மாறியது என்பது நம் கருத்து. முன்பு பிள்ளை வீட்டிலிருந்தே மைதானத்திற்குச் சென்று மாலையில் திரும்பினான்; இப்போது வீட்டை விட்டே சென்றான். செலவு வீட்டாருக்கு இல்லை. ஆனால் பிள்ளையின் பதின்பருவம் முழுவதும் பிறர் கையில்.

1996ஆம் ஆண்டில் தேசிய லீக்கும், 2007இல் ஐ-லீக்கும், 2014இல் இந்தியன் சூப்பர் லீக்கும் தோன்றின. ஆட்டம் தொழிலாயிற்று. அலுவலக அணிகள் மெல்லப் பின்தங்கின. முதல் தேசிய லீக்கில் சென்னையின் இந்தியன் வங்கி அணி ஆடியதை நினைவில் வைத்திருப்போர் இன்று மிகச் சிலரே. விளையாட்டு வீரர்க்குரிய அரசுப் பணியிடங்கள் மறைந்துவிடவில்லை. எனினும், ஆட்டத்தில் ஓரளவு சிறந்தாலே வேலை கிடைக்கும் என்னும் பழைய உறுதி தளர்ந்துவிட்டது.

இனி இன்றைய போட்டிக் கழகம் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காண்போம். பிள்ளைகளை வயது வாரியாகப் பிரிப்பர். 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்பன வழக்கமான பிரிவுகள். தேர்வு நாளில் பலர் வருவர், சிலரே தேறுவர். தேறியவருள்ளும் முதல் அணி, இரண்டாம் அணி என்று பிரிவு உண்டு. பயிற்சி அனைவருக்கும் ஒன்றே, ஆனால் போட்டியில் இறங்கும் வாய்ப்பு ஒன்றல்ல. தொழில்முறைக் கழகம் உரிமம் பெற இளைஞர் அணிகளை நடத்தியாக வேண்டும். அவற்றுள் சில தேர்ந்தெடுத்தவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. மற்றபடி நகரங்களில் நடக்கும் கழகங்களிற் பெரும்பாலானவை கட்டணத்தால் வாழ்பவை. மாதக் கட்டணத்தோடு சீருடை, பூட்ஸ், வெளியூர்ப் பயணம் எல்லாம் சேரும். ஆண்டு முடிவில் கழகம் சிலரை வைத்துக்கொள்ளும், சிலரை அனுப்பிவிடும்.

டில்லியில் நாம் சந்தித்த தமிழர் ஒருவர், மாற்றலாகி வந்த அரசு ஊழியர், தம் மகன் இரண்டு ஆண்டு ஒரு கழகத்தில் பயின்றதைக் கூறினார். இரண்டாம் ஆண்டில் பெரும்பாலான ஆட்டங்களில் அவன் ஓரத்து இருக்கையிலேயே அமர்ந்திருந்தான். ஏன் என்று கேட்கத் தந்தைக்குத் தயக்கம்; கேட்டால் பிள்ளைக்குக் கேடு நேருமோ என்னும் அச்சம். ஆண்டிறுதியில் இரண்டு வரிச் செய்தி வந்தது. "கட்டணம் கட்டியதற்கு வருந்தவில்லை, பையனிடம் ஒருவராவது நேரில் பேசியிருக்கலாம்" என்றார் அவர். பழைய கழகம் கைவிட்ட பிள்ளைக்கு அலுவலகத்து மேசை காத்திருந்தது. இன்று கைவிடப்படும் பிள்ளையின் இழப்பை வீடே தாங்குகிறது. நூற்று நாற்பது ஆண்டுகளில் நேர்ந்த பெருமாற்றம் இதுவே.

கழகத்தின் முதலீட்டைக் காக்கச் சட்டம் உண்டு. ஃபீஃபா எனப்படும் உலகக் கால்பந்துச் சம்மேளனம் 2001ஆம் ஆண்டில் வகுத்த விதிகளின்படி, ஓர் ஆட்டக்காரர் பிற நாட்டுக் கழகத்தில் முதன்முறை தொழில்முறை ஆட்டக்காரராகப் பதிவுபெறும்போது, 12 வயதிலிருந்து 21 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்கு ஈட்டுத்தொகை சேரும். இது நியாயமே. ஆனால் வீட்டார் விடியற்காலையில் எழுந்து பேருந்தில் அழைத்துச்சென்ற ஆண்டுகளுக்கு எந்த விதியிலும் ஈடில்லை.

ஆயினும் விதி முழுவதும் கசப்பன்று. 2017ஆம் ஆண்டு 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பை நம் நாட்டில் நடைபெற்றது. அக்டோபர் 9ஆம் நாள் டில்லியில் கொலம்பியாவுக்கு எதிராக, பெங்களூரைச் சேர்ந்த சஞ்சீவ் ஸ்டாலின் கார்னரிலிருந்து பந்தை உயர்த்தி அனுப்ப, மணிப்பூரைச் சேர்ந்த ஜீக்சன் சிங் தலையால் முட்டிக் கோலாக்கினார். ஃபீஃபா உலகக்கோப்பை ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல் அது. இருவரும் சிறுவயதில் சண்டிகரில் ஒரே பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர்கள். நாட்டின் இரு கோடிகளிலிருந்து இரண்டு வீடுகள் தம் பிள்ளைகளை அங்கு அனுப்பியிருந்தன. அடுத்த நிமிடமே கொலம்பியா மீண்டும் கோல் அடித்து வென்றது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சேர்க்கைத் தாளில் கையெழுத்திடுமுன் வீட்டார் தயங்காமல் கேட்கத்தக்கன சில உண்டு. பயிற்சியாளர் எந்த நிலை உரிமம் பெற்றவர், அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, தேர்வுக் காலத்தில் பயிற்சி குறையுமா, விலக்குவதானால் முன்கூட்டி நேரில் சொல்வார்களா என்பனவற்றை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். பின்னர் வேறு கழகத்திற்கு மாறவேண்டுமாயின் விடுவிப்புச் சீட்டு எத்தனை நாளில் தருவார்கள் என்பதையும் எழுத்தில் பெறுவது நலம். இச்சீட்டுக்காக ஓர் ஆட்டப் பருவத்தையே இழந்த பிள்ளைகளை நாம் அறிவோம். வயதைக் குறைத்துக் காட்டச் சொல்வார் எவரேனும் இருப்பின், அவ்வாசலை அன்றே விட்டு நீங்குக. 2009ஆம் ஆண்டு முதல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையில் மணிக்கட்டைப் படமெடுத்து வயதைச் சோதிக்கிறார்கள். அப்பொய் என்றேனும் வெளிப்படும், வெளிப்படும்போது தண்டனை பிள்ளைக்கே. பிறப்புச் சான்றிதழின் மூலத்தைக் காட்டிவிட்டு, நகலை மட்டும் கழகத்தில் கொடுத்து, மூலத்தை அன்றைக்கே வீட்டிற்குக் கொண்டுவந்துவிடுக.