மின் வண்டிக்குத் தண்ணீர்த்துறை எங்கே?



மாட்டு வண்டிக் காலத்தில் வண்டிக்காரர் எங்கே மாட்டை அவிழ்த்துவிட்டார்? தண்ணீரும் நிழலும் இருந்த இடத்தில். வண்டி எதுவாயினும், அதற்குத் தீனி கிடைக்கும் இடங்களே அது போகும் எல்லையை வகுக்கின்றன. இன்று நாம் காணப்போகும் வரலாறும் அதுவே.

1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெர்மனியில், பெர்த்தா பென்ஸ் அம்மையார் தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில், இரு மைந்தருடன் மான்ஹைம் நகரிலிருந்து புறப்பட்டார். போகவேண்டிய தூரம் 100 கிலோமீட்டருக்கும் மேல். எண்ணெய் நிலையமே இல்லாத காலம் அது. எண்ணெய் குறைந்ததும், வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக்கடையில் கறை நீக்க விற்கப்பட்ட லிக்ரோயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார்! எண்ணெய் அப்படிப்பட்டது. தகரத்தில் அடைத்துப் பெட்டிக்கடைக்கும் கொண்டுபோகலாம்.

மின்சாரமோ கம்பி இல்லாமல் நகராது. 1900ஆம் ஆண்டு அமெரிக்காவில் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்கலத்தால் ஓடியவை. புகையில்லை, இரைச்சலில்லை. பின் ஏன் அவை மறைந்தன? 1908இல் வந்த ஃபோர்டு வண்டியின் விலை காலப்போக்கில் இறங்கியது ஒரு காரணம். மற்றொன்று, நகரத்தைத் தாண்டினால் மின்சாரம் இல்லாமை. 1935இல்கூட அந்நாட்டுப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்விளக்கு எரிந்தது.

கம்பி வராத ஊரின் கதை நமக்குப் புதிதா? நாம் சிறுவராய் இருந்தபோது, தோட்டத்து மின் இயந்திரம் இரவில் குறித்த நேரத்தில் நின்றுவிடும். பாதிக் கணக்கோடு மண்ணெண்ணெய் விளக்கைத் தேடியவர்கள் நாம்.

இப்பொழுது மின் வண்டி மீண்டும் வந்திருக்கிறது. 2025க்குள் 10,000 பொது மின்னூட்ட இடங்கள் அமைக்க மலேசியா திட்டமிட்டது. 2024 இறுதியில் அதில் பாதிகூட நிறைவேறவில்லை. அமைந்தவற்றில் பெரும்பங்கு சிலாங்கூர், கோலாலம்பூர், ஜொகூர், பினாங்கு ஆகிய இடங்களிலேயே உள்ளது.

இடம் தேர்வது எப்படி? வண்டி நெடுநேரம் நிற்கும் வீட்டிலும் வேலையிடத்திலும் மெதுவான மின்னூட்டம் போதும். அதற்கு 7 கிலோவாட், அதாவது மூன்று நான்கு மின்கெண்டிகள் ஒன்றாய்க் கொதிக்கும் அளவு மின்சாரம் வேண்டும். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் எவரும் இரவெல்லாம் காத்திருக்கமாட்டார். அங்கே 50 கிலோவாட்டோ அதற்கு மேலோ தேவை. அவ்வளவு சுமையை அவ்விடத்து மின்மாற்றி தாங்குமா என்று முதலில் பார்க்கவேண்டும்.

வண்டிகள் மிகுந்த இடத்தில் மட்டும் வைத்தால் என்ன ஆகும்? சிற்றூரில் மின்னூட்டம் இல்லை என்பதால் அங்கே எவரும் மின் வண்டி வாங்கார். வாங்குவார் இல்லை என்பதால் மின்னூட்டமும் வராது. வரவைப் பார்த்து இடம் தேர்வது வணிகரின் வழக்கம். கடைசி ஊரையும் கணக்கில் சேர்ப்பது பொதுத் திட்டத்தின் கடமை.

‘மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் நமக்கு இதில் என்ன?’ என்று எண்ணவேண்டாம். மோட்டார் சைக்கிளும் மின்சாரத்திற்கு மாறிவருகிறது. ஊராட்சிக் கூட்டத்தில் இதைப் பற்றிக் கேளுங்கள். மின்தொழில் கற்கும் நம் பிள்ளைகளுக்கு இதில் வேலையும் உண்டு. கம்பி நம் வாசலுக்கு வரக் காத்திருந்த காலம் போதும். அது எங்கே வரவேண்டும் என்று சொல்லும் இடத்தில் இனி நாமும் இருப்போம்.