நீலகிரியில் கண்ட அரிவாள் குருதி

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நாம் வயநாடு கேரளத்தது, நீலகிரி தமிழகத்தது என்று பிரித்துப் பேசிப் பழகிவிட்டோம். ஆயின் அவ்விரு மலைப்பகுதிகளிலும் பரவி வாழும் பணியர், குறும்பர் முதலிய பழங்குடி மக்களின் குருதியில் ஒரே பரம்பரைக் குறை காணப்படுகிறது. அதனை முதலில் வெளிப்படுத்தியவர்களுள் ஒருவர் ஹெர்மன் லேமன் என்னும் மருத்துவ விஞ்ஞானி.

1910-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த அவர், ஹிட்லர் ஆட்சியின் கொடுமையால் இங்கிலாந்தை அடைந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் இராணுவ மருத்துவப் படையில் பணியாற்ற இந்தியா வந்து, நம் சிப்பாய்களின் இரத்தசோகையை ஆராய்ந்தார். பின்னர் உகாண்டாவிலும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

செவ்வணுக்கள் பிராணவாயு குன்றியபோது அரிவாள்போல் வளைந்துவிடும் நோயொன்று உண்டு. பெரும்பாலும் ஆப்பிரிக்க வழியினருக்கே உரியதென்று கருதப்பட்ட அக்குறை நீலகிரி மலைமக்களிடமும் உள்ளது என்பதை, 1952-இல் லேமனும் மேரி கட்புஷ் அம்மையாரும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். சோதனையோ மிக எளியது: காற்றுப் புகாதபடி மூடிய கண்ணாடித் தகட்டில் ஒரு துளி குருதி, பிறகு நுண்ணோக்காடி. இத்தனை சிறு கருவியால் இத்தனை பெரிய செய்தி கிட்டியதே நம்மை வியக்க வைக்கிறது.

குறையின் மூலம் ஹீமோகுளோபினில் உள்ளது. அப்புரதத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய ஓரிடத்தில் வாலின் அமர்ந்திருப்பதை 1957-இல் இங்கிராம் காட்டினார். தாய், தந்தை ஒருவரிடமிருந்து மட்டும் இதனைப் பெற்ற பிள்ளை பெரும்பாலும் நலமாகவே வாழும். மலேரியாவின் கொடுமையும் அதற்குக் குறையும். வயநாட்டுக் காய்ச்சலைப் பற்றிக் கேள்வியுற்றோர்க்கு இம்மலைகளில் இக்குறை நிலைத்ததன் காரணம் விளங்கும். இருவரிடமிருந்தும் பெற்றாலோ எலும்பைப் பிளக்கும் வலியும் சோகையும் வாட்டும். குறையைத் தாங்கிய இருவர் மணந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு அந்த அபாயம் உண்டு.

இந்தியரிடமும் கிழக்கு அரேபியரிடமும் காணும் வகை ஆப்பிரிக்க வகைகளினின்று வேறானது என்பது 1980-களின் ஆராய்ச்சியில் தெளிவாயிற்று. எனினும் எல்லார்க்கும் அது மென்மையாக அமைவதில்லை.

லேமன் 1985-இல் மறைந்தார். நாடு தழுவிய அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கம் 2023 ஜூலை 1-ஆம் நாள் மத்தியப் பிரதேசத்து ஷாடோலில் தொடங்கப்பெற்றது. ஏழு கோடிப் பேரைச் சோதிப்பது அதன் குறி. கண்டறிந்த ஆண்டிலிருந்து எழுபத்தொரு ஆண்டுகள் என்பது நெடுங்காலம் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஹைட்ராக்ஸியூரியா என்னும் மருந்து இன்று வலி வரும் தடவைகளைக் குறைக்கிறது. மணம் பேசுமுன் இரு வீட்டாரும் செய்துகொள்ளத்தக்க சோதனைக்கோ இன்றும் சில துளி குருதியே போதும்.