எச்.ஐ.வி. தடுப்பு மருந்து: களங்கமல்ல, கவசம்

எச்.ஐ.வி. தடுப்பு மருந்து எடுப்பவரை ஒழுக்கம் கெட்டவர் என்று எண்ணுவது தவறு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அடங்கிய நமது விருதுநகர் மாவட்டத்தில், 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஏற்றப்பட்ட இரத்தத்தால் கர்ப்பிணி ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டது தெரியவந்தது. 2019 ஜனவரியில் மதுரையில் பிறந்த அவரது குழந்தைக்குத் தடுப்பு மருந்து தரப்பட்டது. பரிசோதனையில் தொற்று இல்லை. இதில் அந்தத் தாய் செய்த பாவம் என்ன?

தொற்றியிருக்கலாம் என்ற அச்சம் ஏற்பட்டால், 72 மணி நேரத்திற்குள் மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் சாப்பிட வேண்டும். வெட்கப்பட்டுத் தாமதித்தால் பலன் போய்விடும். கணவருக்கோ மனைவிக்கோ தொற்று இருந்தால், மற்றவர் மருத்துவர் ஆலோசனையுடன் முன்கூட்டியே தடுப்பு மாத்திரை எடுக்கலாம்.

சிகிச்சை செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். தீய எண்ணத்தையும் துருவி ஆராய்வதையும் குர்ஆன் (49:12) தடுக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டமும் இரகசியத்தைக் காக்கிறது. இலவச ஆலோசனைக்கு: 1097.