படுவான்கரைக்கு வந்த ஜப்பான் சைக்கிள்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடந்து மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள கீழ்ப்புறம் எழுவான்கரை என்றும், வயலும் குளமும் காடுமாக மேற்கே விரியும் புறம் படுவான்கரை என்றும் வழங்கப்படுகின்றன. போரதீவுப்பற்றைச் சேர்ந்த பழுகாமம் படுவான்கரையின் பழைய ஊர்களுள் ஒன்று; திரௌபதை அம்மன் ஆலயத் தீமிதிப்பாலும் கண்டுமணி மகா வித்தியாலயத்தாலும் சுற்றுவட்டாரத்தில் நன்கு அறியப்பட்டது. நெல்லும் பாலும் விறகும் இக்கரையில் கிடைக்க, பெரிய கடைத்தெருவும் ஆதார வைத்தியசாலையும் தூர இடத்து பஸ்களும் அக்கரையில் களுவாஞ்சிகுடியில் இருப்பதால், பட்டிருப்புப் பாலத்தாலோ குறுமண்வெளி – மண்டூர் படகுப்பாதையாலோ வாவியைக் கடந்து போய்வருவது இப்பகுதியாருக்கு நாளாந்த வேலையாயிற்று. அந்தப் போக்குவரவை நெடுங்காலம் தாங்கியது துவிச்சக்கரவண்டி, அதாவது சைக்கிள். அதன் கடைசிக் கட்ட வரலாற்றில் ஜப்பானியர் ஓட்டிக் கழித்த வண்டிகளுக்குப் பெரிய இடம் உண்டு.

பிரித்தானியர் ஆட்சியில் இலங்கைக்கு வந்த சைக்கிள்கள் நொட்டிங்ஹாமின் றலி, பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ., ஹம்பர், றட்ஜ் முதலிய பெயர்களைத் தாங்கியவை. கனத்த உருக்குக் குழாய், நேரான பார், கம்பியால் இழுபடும் பிரேக், அகன்ற கரியர் என்ற அமைப்பு எல்லாவற்றுக்கும் பொது. வயலுக்கு விதைநெல் கொண்டுபோகிறவரும், மீன்பெட்டியைக் கரியரில் கட்டி எழுவான்கரையிலிருந்து படுவான்கரை ஊர்களுக்கு வருகிற வியாபாரியும், விறகுக் கட்டை ஏற்றி எதிர்த்திசையில் போகிறவரும் இந்த வண்டியையே நம்பினர். 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் புது வண்டி அரிதாகவே, கையிலிருந்த வண்டியைக் கழற்றிப் பூட்டி ஓட்டும் திறமை ஊர்தோறும் வளர்ந்தது. சைக்கிள் திருத்துபவர் அந்நாட்களில் பெற்ற கைப்பழக்கமே பின்னாளில் வேற்றுநாட்டுப் பழைய வண்டிகளுக்கு இங்கு வாழ்வு கொடுத்தது என்பது இக்கட்டுரையின் துணிபு.

சைக்கிளை அரசு எந்தக் கண்ணால் பார்த்தது என்பதற்கு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சான்று தருகிறது. அதன் அட்டவணை வண்டிகளுக்கும் விலங்குகளுக்கும் ஆண்டு வரி விதிக்க இடமளித்து, சொந்தப் பாவனைக்கான சைக்கிளுக்கு 4 ரூபாயும், வியாபாரத்துக்குப் பயன்படும் சைக்கிளுக்கு 18 ரூபாயும், மாட்டுவண்டிக்கு 20 ரூபாயும், யானைக்கு 50 ரூபாயும் என்று உச்ச அளவு குறிக்கிறது. வியாபாரச் சைக்கிளுக்கும் மாட்டுவண்டிக்கும் இடையே 2 ரூபாய் மட்டுமே வித்தியாசம் வைத்தவர்கள், கரியரில் ஏறும் பாரத்தைச் சரியாகவே எடைபோட்டிருக்கிறார்கள்.

போர்க்காலம் அந்தச் சார்பை இன்னும் இறுக்கியது. படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தமையால், எரிபொருள் உள்ளிட்ட பல பொருள்கள் சோதனைச் சாவடிகளில் மட்டுப்படுத்தப்பட்டன. மோட்டார் வாகனம் வைத்திருந்தவருக்கும் சைக்கிளே துணையாயிற்று. பாதைகள் திறந்த பின் ஜப்பானிய உதவி இரு பாலங்களாகப் புலப்பட்டது: கல்லடியின் புதிய பாலம் 2013 இலும், அதுவரை படகுப்பாதையை நம்பியிருந்த மண்முனைத் துறையில் 210 மீற்றர் நீளமான பாலம் 2014 இலும் திறக்கப்பட்டன. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் எச்.எம்.எஸ். ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்த இதே கரையில், எழுபது ஆண்டுகளுக்குப் பின் ஜப்பான் என்ற பெயர் பாலத்தோடும் பழைய சைக்கிளோடும் சேர்த்துச் சொல்லப்படுவதாயிற்று.

ஜப்பானில் பழைய சைக்கிள் மலிந்தது ஏன் என்பதை அந்நாட்டின் நகர வாழ்க்கை விளக்குகிறது. புறநகர்களில் குடியேறியவர்கள் வீட்டிலிருந்து தொடருந்து நிலையம் வரை சைக்கிளில் போய், அதை நிலையத்து வாசலிலேயே விட்டுவிட்டு வேலைக்குச் சென்றனர். 1980 களின் தொடக்கத்தில் இவ்வாறு நிலையங்களைச் சுற்றி விடப்பட்டிருந்தவை ஏறத்தாழ பத்து இலட்சம் என்று கணக்கிடப்பட்டது. 1980 இல் இயற்றப்பட்ட சட்டமொன்றின் துணையோடு உள்ளூராட்சி மன்றங்கள் அவற்றை அகற்றவும், குறித்த காலத்துக்குள் உரியவர் மீட்காவிட்டால் விற்கவும் அழிக்கவும் தொடங்கின. வீடு மாறுகிறவர்களும், படிப்பு முடிந்த மாணவர்களும் கைவிடும் வண்டிகள் இவற்றோடு சேர்ந்தன. பழம்பொருள் ஏற்றுமதி செய்வோர் இந்தக் குவியலிலிருந்து தேறியவற்றைப் பொறுக்கிக் கொள்கலன்களில் அடைத்துக் கப்பலேற்ற, ஆசிய, ஆபிரிக்கத் துறைமுகங்களுக்கு அவை போய்ச் சேர்ந்தன. 1977 இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் ஜப்பானியப் பழைய கார்களுக்கும் வான்களுக்கும் பழகிய இலங்கைச் சந்தை, அதே கப்பல் வழியில் வந்த சைக்கிள்களையும் தயக்கமின்றி ஏற்றது.

இவ்வாறு வந்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஜப்பானியர் மாமாச்சாரி என்று அழைக்கும் வகை: கால் தூக்காமல் ஏறத்தக்கதாக வளைந்து தாழ்ந்த சட்டம், முன்புறம் கூடை, இரட்டைக்கால் ஸ்டாண்ட், செயினை மூடும் தகடு, பின் சில்லில் வளையப் பூட்டு, டைனமோ விளக்கு. சேலையோடும் பாடசாலைச் சீருடையோடும் ஏறலாம் என்பது பெண்களிடையே அதற்குக் கிடைத்த வரவேற்பின் முதற் காரணம். வண்டியை அருகிருந்து பார்த்தால் அதன் முன்வாழ்வு இன்னும் ஒட்டியிருக்கும். 1994 முதல் ஜப்பானில் ஒவ்வொரு சைக்கிளும் களவைத் தடுக்கும் பதிவு பெறவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியமையால், மாகாணப் பொலிசின் பெயரும் இலக்கமும் அச்சிட்ட சிறு ஒட்டி பின்குழாயில் இருக்கும். மாணவர் ஓட்டிய வண்டியானால் பின் மட்கார்ட்டில் பாடசாலையின் அடையாளமும் இருக்கும். கரியரின் தகட்டில் 18 அல்லது 25 அல்லது 27 என்று ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது கரியர் தாங்கத்தக்க எடையைக் கிலோகிராமில் சொல்வது. ஐம்பது கிலோ அரிசி மூடைக்குப் பழகிய ஊரில் 18 என்ற எண் செல்லுபடியாகாது. கரியரின் இரு பக்கமும் இரும்புக் கம்பி வைத்து ஒட்டிப் பலப்படுத்துவது வெல்டிங் கடைக்காரரின் வேலை.

இவ்வளவு தொலைவிலிருந்து வந்த வண்டி இங்குள்ள கடையில் உடனே கழற்றிப் பூட்டத்தக்கதாய் இருந்ததற்கு ஆழமான காரணம் ஒன்று உண்டு. ஜப்பானின் சைக்கிள் தொழில் பிரித்தானிய வண்டிகளைப் பார்த்தும் பிரித்தும் கற்றது. சைக்கிள் செய்யத் தொடங்கிய மியாட்டா துப்பாக்கிப் பட்டறையாய் இருந்தது. 1921 இல் ஷிமானோ தொடங்கப்பட்ட சக்காய் நகரம் துப்பாக்கிக்கும் கத்திக்கும் பெயர் பெற்ற கொல்லர்களின் ஊர். பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. நிறுவனமும் துப்பாக்கி செய்வோர் கூடி அமைத்ததே. குழாயைத் துளைத்துப் புரிவெட்டத் தெரிந்த கைகளே இரு நாடுகளிலும் சைக்கிளைச் செய்தன. பிரித்தானிய அளவுகளை ஜப்பான் பெருமளவில் அப்படியே வைத்துக்கொண்டது. பெடல் அச்சு செல்லும் நடுக்குழாயின் புரி, பின் பற்சக்கரத்தின் புரி, 26 அங்குல றலி வண்டிக்குரிய ரயர் அளவு ஆகியவை மாமாச்சாரியிலும் தொடர்கின்றன. எல்லாவற்றிலும் எளிய உதாரணம் காற்றடிக்கும் வால்வு. சிறு றப்பர் குழாய் போர்த்த பழைய ஆங்கில வால்வை உலகின் பல நாடுகள் கைவிட்ட பின்னும் ஜப்பான் விடவில்லை, இலங்கையும் விடவில்லை. ஆகவே ஒசாக்காவில் காற்றுப் போன ரியூபுக்குப் பழுகாமத்து வீட்டுப் பம்ப் பொருந்தியது. பழைய பொருள் எந்த ஊருக்குப் போகும் என்பதை விலை மட்டும் தீர்ப்பதில்லை. அங்கே அதற்கேற்ற உதிரியும், அதைப் பூட்டத் தெரிந்த கையும் இருக்கவேண்டும்.

அதே ஜப்பானிலிருந்து இன்னொரு வகைப் பழைய சைக்கிளும் ஏற்றுமதியானது. அது படுவான்கரைப் பக்கம் வரவில்லை. பந்தயத் தடத்துக்கென்றே செய்யப்படும் டிராக் சைக்கிளின் சட்டமே அது. இத்தகைய வண்டியில் பின் பற்சக்கரம் சில்லோடு இறுக்கிப் பிணைக்கப்பட்டிருக்கும். சில்லு சுழலும்வரை பெடலும் சுழலும், கால் ஓயமுடியாது. பிரேக் கிடையாது, மிதிப்பை எதிர்த்து அழுத்தியே வேகம் குறைக்கவேண்டும். இவ்வண்டிகளுக்கு ஜப்பானில் தனிச் சந்தை ஏற்படக் காரணம் கெய்ரின் என்ற பந்தயம். போரில் அழிந்த நகரங்களைக் கட்டியெழுப்பப் பணம் தேடிய ஜப்பான், 1948 இல் சைக்கிள் பந்தயச் சட்டத்தை இயற்றி, அவ்வாண்டு நவம்பரில் கொக்குரா நகரில் பந்தயப் பணம் கட்டி ஆடும் முதற் போட்டியை நடத்தியது. மக்கள் பணம் கட்டும் ஆட்டமாதலால், எவருடைய வண்டியும் பொருளாலோ அமைப்பாலோ மிகுதியான அனுகூலம் பெறக்கூடாது என்று கருதப்பட்டது. 1957 இல் நிறுவப்பட்ட நிஹோன் ஜிடென்ஷா ஷின்கோக்காய் என்ற அமைப்பு சட்டம் முதல் செயின் வரை ஒவ்வொன்றையும் சோதித்து ஒப்புதல் வழங்க, அதன் பெயரின் முதலெழுத்துகளான என்.ஜே.எஸ். என்ற முத்திரை ஒப்புதல் பெற்ற பொருளில் பொறிக்கப்பட்டது.

இந்தக் கட்டுப்பாட்டின் விளைவு எதிர்பாராதது. உலகத் தடப்பந்தயம் அலுமினியத்துக்கும் கார்பன் நாருக்கும் மாறியபோது, கெய்ரின் மட்டும் உருக்குக் குழாயையும் கையால் ஒட்டும் வேலைப்பாட்டையும் காப்பாற்றியது. வீரர் ஒவ்வொருவரும் தம் கால், உடல் அளவுக்கேற்பச் சட்டம் செய்வித்துக்கொள்வதால், சிறு பட்டறைகள் பல தலைமுறை வாழ்ந்தன. 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை தொழில்முறை விரைவோட்ட உலகப் பட்டம் வென்ற கோயிச்சி நக்கானோ ஓட்டிய சட்டங்களைச் செய்தவர் யோஷியாக்கி நகசாவா. இத்தாலியில் தொழில் கற்றுத் திரும்பிய கைவினைஞர். வீரர்கள் பழைய சட்டத்தை மாற்றும்போதும் ஓய்வு பெறும்போதும் அவை கடைகளுக்கு வந்தன. 2000 இல் சிட்னி ஒலிம்பிக்கில் கெய்ரின் சேர்க்கப்பட்டது. அதே பத்தாண்டில் நியூயோர்க், சான் பிரான்சிஸ்கோ, லண்டன் நகரங்களில் கடிதம் கொண்டோடும் தூதர்களும் அவர்களைப் பின்பற்றிய இளைஞர்களும் பிரேக் இல்லாத எளிய வண்டியை விரும்பத் தொடங்கினர். சட்டத்தின் அடியில் என்.ஜே.எஸ். முத்திரை உண்டா, ஒட்டிடத்தில் வெடிப்பு உண்டா, விழுந்து வளைந்ததா என்று பார்த்து வாங்கும் ஒரு வியாபாரம் கடல் கடந்து வளர்ந்தது. ஒரே ஒருவரின் உடலுக்கென்று அளந்து செய்த பொருளுக்கு, அவரை அறியாத ஆயிரம் பேர் விலை பேசினர்.

அந்தச் சட்டத்தின் நடுக்குழாயிலும் பிரித்தானியப் புரிதான்; எனினும் அதில் மட்கார்ட் பூட்டும் கண் இல்லை, கரியருக்கு இடமில்லை, முன் கவரில் பிரேக்குக்கான துளை பெரும்பாலும் இராது, அகன்ற ரயர் நுழையாது. மழைக்காலத்தில் சேறும் கோடையில் கிரவலுமான வயற்பாதையில் அது உதவாது. படுவான்கரையார் சைக்கிள் பந்தயத்தை விரும்பாதவர் அல்லர். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களில் வழுக்குமரத்தோடும் தலையணைச் சண்டையோடும் சைக்கிள் ஓட்டத்துக்கு என்றும் இடமுண்டு. ஆனால் பந்தயம் முடிந்த மறுநாள் வயலுக்குப் போகவும் அதே வண்டி வேண்டும்.

2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் நாடு முழுவதும் வரிசைகள் நீண்டபோது, சைக்கிளின் விலை பல மடங்கு ஏறியது. வீட்டுக் கோடியில் சாத்திக் கிடந்த ஜப்பான் சைக்கிள்கள் மீண்டும் திருத்துமிடத்துக்கு வந்தன. திருத்துபவருக்கு அதில் புதிராக எதுவும் இருக்கவில்லை. இனிமேல் வரக்கூடிய வண்டிகள் அப்படியல்ல. 1993 இல் யமஹா முதன்முதலாக விற்பனைக்கு விட்ட மின்துணைச் சைக்கிள், இன்று ஜப்பானியத் தாய்மார் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளில் பெரும் பங்கைப் பிடித்துவிட்டது; கழிக்கப்படும் குவியலிலும் அதன் பங்கு கூடிவருகிறது. மின்கலம் செத்த அத்தகைய வண்டியை வெறும் சைக்கிளாக மாற்ற முனைந்தாலும், பெரும்பாலானவற்றில் மோட்டாரும் மிதிப்பை அளக்கும் கருவியும் நடு அச்சோடு ஒன்றாய் அமைந்திருப்பதால், களுவாஞ்சிகுடிக் கடையில் தொங்கும் பி.எஸ்.ஏ. புரி அச்சை அங்கே பூட்ட வழியில்லை.